பிரேக் மிதித்தால் இன்ஜின் அணைகிறது: ஈசியூ மாற்றும் முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 20 வருடம் தாண்டிய பெட்ரோல் கார். மல்டி பாயிண்ட் இன்ஜெக்ஷன், மேனுவல் கியர். சில மாதங்களாக சிக்னலில் பிரேக் பிடித்து நிறுத்தும்போது இன்ஜின் ஒரு உதறு உதறிவிட்டு அணைந்துவிடுகிறது. ஏசி போட்டிருந்தால் இன்னும் மோசம். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடும்போது இழுவையிலும் குறை இல்லை. ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியையும் கழுவினார்கள். கடைசியாக ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் நிலை) ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மைக் கூட்டி வைத்தார்கள், கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் எங்கோ உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது, பிரமையோ என்னவோ. ஈசியூவை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், ஈசியூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது இழுவை நன்றாக இருக்கிறது, ஐடிலுக்கு வரும்போதுதான் நிற்கிறது, அதுவும் பிரேக்கில் கால் வைக்கும்போது, கூடவே உஸ் சத்தம். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மெக்கானிக்குக்கும் முதலில் வேக்குவம் லீக்தான், அதாவது இன்ஜின் உறிஞ்சும் வழியில் ஓட்டை விழுந்து கணக்கில் வராத காற்று நுழைவதுதான், நினைவுக்கு வரவேண்டும், அதிலும் பெடலை மிதிக்கும் காலுக்கு உதவுகிற பிரேக் பூஸ்டரும் அதற்குப் போகிற ஹோஸும். அந்த சத்தம் பிரமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். மாற்றிய சாமான்கள் அத்தனையும் நல்ல சாமான்களாகவே இருக்கலாம், ஆனால் கோளாறு எங்கே என்று பார்க்காமல் மாற்றியவை.

கண்டுபிடிக்கிற வழிக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. சந்தேகம் பிரேக் பூஸ்டர் மேல் இருப்பதால், அதைச் சோதித்து முடிக்கும் வரை வண்டியை நெரிசலிலும் இறக்கத்திலும் எடுக்காதீர்கள். ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவத்தில் ஒன்றிரண்டு முறைதான் பெடல் சுலபமாக இறங்கி பிரேக் பிடிக்கும், அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பவர்கள்தான் அதிகம், அப்படி மிதித்தால் மிச்சமிருந்ததும் போய்விடும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கிளட்சை மிதித்து, ஓரமாக நிறுத்துங்கள். பெடல் கெட்டியாகி விட்டாலும் பிரேக் செத்துவிடவில்லை, பலம் கொடுத்து மிதித்தால் பிடிக்கும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனக்கும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியைப் பின்னால் லாக் வரை திருப்பிவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்ஜின் நிற்கிறது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எப்படி நிற்கிறது என்பதைத்தான். நிற்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, திணறி நிற்பது: ஆர்பிஎம் முள் 800-லிருந்து 600, 400 என்று இறங்கும், வண்டி உதறும், சில சமயம் பிழைத்துக்கொள்ளும், சில சமயம் அணையும். இது பெரும்பாலும் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கணக்கில் வரும் கோளாறு. இன்னொன்று, யாரோ சாவியை அணைத்த மாதிரி சட்டென்று நிற்பது: வண்டி கியரில் இன்னும் உருண்டுகொண்டிருக்கும், இன்ஜினும் அந்த இழுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் ஆர்பிஎம் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்திருக்கும். அப்படியானால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது), இக்னிஷன் பக்கம், மெயின் ரிலே, சாவி சுவிட்ச் என்று மின்சாரம் போகிற வழியைத் தேட வேண்டும். கிராங்க் சென்சார் சூட்டில் மட்டும் மக்கர் பண்ணும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். உங்கள் வண்டி உதறிவிட்டு நிற்கிறது, உடனே ஸ்டார்ட்டும் ஆகிறது. அதனால் நீங்கள் முதல் வகை. அடுத்த முறை நிற்கும்போது முள்ளின் மேல் ஒரு கண் வைத்து இதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், காசு செலவில்லாத சோதனை இது.

ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டி ஐடிலில் மட்டும் ஏன் படுத்துகிறது? ஐடிலில் திராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும், பிஸ்டன்கள் கீழே இறங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வேக்குவம் மிக அதிகமாக இருப்பதும் அப்போதுதான், இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்று மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். இந்த நேரத்தில் ஒரு ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், அதன் வழியே நுழையும் காற்று மொத்தத்தில் பெரிய பங்காகிவிடும். பெட்ரோல் இன்ஜினுக்குச் சரியான கலவை எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். கணக்கில் வராத காற்று நுழைந்தால் கலவை மெலிந்து, எரிந்தும் எரியாமலும் உதறும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் திராட்டில் திறந்து காற்று ஏராளமாக வரும், வேக்குவமும் குறையும், அதே வெடிப்பு இருந்த இடம் தெரியாமல் போகும். நெடுஞ்சாலையில் பறக்கிற வண்டி சிக்னலில் சாகிற ரகசியம் இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பல இடங்களில் இதைக் கவனிக்காமல்தான் குழம்புகிறார்கள். எல்லா இன்ஜெக்ஷன் வண்டியும் காற்றை ஒரே மாதிரி அளப்பதில்லை. ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஏர் ஃப்ளோ சென்சார், அதாவது மாஃப் சென்சார் வைத்த வண்டிகள் தன்னைத் தாண்டிப் போகும் காற்றை நேரடியாக அளக்கும். அதற்கு அப்பால் எங்கே ஓட்டை விழுந்தாலும் அந்தக் காற்று கணக்கில் வராது, கலவை மெலியும், ஐடில் இறங்கும், நிற்கும். மேப் சென்சார் வைத்த வண்டிகள் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுபவை. அவற்றில் லீக் ஆனால் உள்ளே அழுத்தம் ஏறும், காற்று அதிகம் வருகிறது என்று நினைத்து ஈசியூ பெட்ரோலையும் கூட்டும், ஐடில் இறங்குவதற்குப் பதில் ஏறவே செய்யும், அல்லது ஏறி இறங்கி ஊசலாடும். ஆகவே ‘ஆர்பிஎம் ஏறித்தானே இருக்கிறது, லீக் இருந்தால் இறங்கத்தானே வேண்டும்’ என்று யாராவது சொன்னால், வண்டியில் எந்த சென்சார் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மேப் வண்டியும் லீக்கில் நிற்காது என்றில்லை. லீக் திடீரென்று பெரிதாகத் திறந்தாலோ, ஒரே ஒரு சிலிண்டரின் வாசலில் இருந்தாலோ, அதுவும் உதறி நிற்கும்.

இப்போது பூஸ்டர். பிரேக் பெடலுக்கு முன்னால், இன்ஜின் பக்கம், பெரிய வட்ட டப்பா மாதிரி இருப்பது அதுதான். உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம், அதற்கு முன்புறம் எப்போதும் மேனிஃபோல்டு வேக்குவம் இருக்கும். பெடலை மிதித்தால் பின்புறம் வெளிக்காற்று நுழையும், அந்த அழுத்த வித்தியாசம்தான் உங்கள் காலுக்கு உதவுகிறது. டயஃப்ரம் கிழிந்திருந்தால் மிதித்தவுடன் நுழையும் வெளிக்காற்று கிழிசல் வழியாக நேராக மேனிஃபோல்டுக்கே போய்விடும். பெடலை மிதிப்பதும் லீக்கைத் திறந்துவிடுவதும் ஒன்றாகிவிடுகிறது. ‘பிரேக் பிடித்தால் நிற்கிறது’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதனால்தான்.

சோதனை சுலபம், வீட்டு வாசலிலேயே செய்யலாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். அப்படியே அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் போகவில்லை அல்லது நிற்கவில்லை. அடுத்து, ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, இன்ஜின் ஓடும்போதே பெடலை மிதித்துப் பிடித்து, பிடித்தபடியே அணைத்து, 30 விநாடி காத்திருங்கள். பெடல் அதே உயரத்தில் நிற்க வேண்டும், மெல்ல மேலே எழும்பிக் காலைத் தள்ளினால் பூஸ்டர் காற்று வாங்குகிறது என்று அர்த்தம். மூன்றாவது, இன்னொரு முறை ஓடவிட்டு, அணைத்து, சில நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி மெத்தென்று இறங்கி அடுத்தடுத்த மிதிகளில் கெட்டியாக வேண்டும். முதல் மிதியே கெட்டி என்றால் ஹோஸில் இருக்கும், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு வேக்குவத்தைப் பிடித்து வைக்கவில்லை, அல்லது பூஸ்டரே கசிகிறது.

காதையும் பயன்படுத்துங்கள். மிதிக்கும்போது ஒரு நொடி உஸ்ஸென்பது இயல்பு. மிதித்துப் பிடித்திருக்கும் வரை, டாஷ்போர்டுக்கு அடியில், பெடல் பக்கம் அது விடாமல் கேட்டால் இயல்பில்லை. கடைசி ஊர்ஜிதம் இது: ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்து இன்ஜின் திணறும்படி வைத்திருக்க, நீங்கள் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் நெரியுங்கள். நெரித்த உடனே ஐடில் நிமிர்ந்தால் குற்றவாளி பூஸ்டர், அல்லது நீங்கள் நெரித்த இடத்துக்கும் பூஸ்டருக்கும் நடுவில் உள்ள ஹோஸ். ஹோஸ் பழசாகி விறைத்திருந்தால் நெரிக்காதீர்கள், உடைந்துவிடும். அதைக் கழற்றி, மேனிஃபோல்டில் அது மாட்டியிருந்த நிப்பிளை அடைத்துப் பாருங்கள். எப்படியானாலும் அடைத்த நிலையில் வண்டியை நகர்த்தக் கூடாது, பிரேக் உதவி இருக்காது.

பூஸ்டர்தான் என்று முடிவானால், கையோடு செக் வால்வைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் வெளியே எங்கும் ஒழுகாமல் ரிசர்வாயரில் மட்டும் குறைந்துகொண்டே வந்திருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து பூஸ்டருக்குள் போயிருக்கும், ரப்பரைக் கெடுத்ததும் அதுவாக இருக்கலாம். அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்காமல் பூஸ்டரை மட்டும் மாற்றுவது வீண், புதுசும் அதே வழியில் போகும்.

பூஸ்டர் மூன்று சோதனையிலும் தேறிவிட்டால்? மற்ற ஹோஸ்களுக்கு வாருங்கள். 20 வருட ரப்பர் சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வெடிப்பு பெரும்பாலும் நிப்பிளில் ஏறி உட்காரும் நுனியில், அதுவும் அடிப்பக்கம். ஒவ்வொன்றாக நுனியைப் பிடித்து லேசாக மடக்கிப் பாருங்கள், மூடியிருந்த கீறல் அப்போதுதான் வாயைத் திறக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஹோஸ் என்றால் எதிர்மாறாக ஊதி, கொழகொழவென்று, நிப்பிளைப் பிடிக்காமல் நழுவும். இன்னொன்று, எல்லோரும் கோட்டை விடுவது: மேனிஃபோல்டில் எதற்கும் பயன்படாத நிப்பிள் ஒன்றிரண்டு இருக்கும், அவற்றில் சின்ன ரப்பர் தொப்பி மாட்டியிருப்பார்கள். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அது வெடித்தோ கழன்றோ போயிருந்தால் யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் அங்கே ஹோஸே இல்லை, தேடுகிறவர்கள் ஹோஸைத்தான் பார்த்துக்கொண்டு போவார்கள்.

கண்ணால் கிடைக்கவில்லை என்றால் ஒவ்வொரு கிளையாக அடைத்துப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே நம்பகமான வழி, கருவியும் வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓட, மேனிஃபோல்டு பக்கத்தில் ஒரு ஹோஸைக் கழற்றி நிப்பிளை அடையுங்கள், ஐடில் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்த இடத்தை அடைத்ததும் இன்ஜின் அமைதியாகிறதோ அந்தக் கிளையில்தான் ஓட்டை, அதன் மறுமுனை வரை துரத்திக்கொண்டு போக வேண்டியதுதான். ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் சட்டைக் கையையும் தலைமுடியையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ரேடியேட்டர் ஃபேன் சொல்லிக்கொண்டு சுற்றாது.

அப்படி அடைத்துப் பார்க்கும்போது இரண்டு கிளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒன்று பிசிவி வால்வு, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடுவது. வால்வ் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸில் இருக்கும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும், திறந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு பெரிய லீக். இரண்டாவது பர்ஜ் வால்வு, பெட்ரோல் டாங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடுவது. அது மூடாமல் போனால் ஐடில் கெடும், பெட்ரோல் நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆக மறுக்கும். பங்க்கில் நிரப்பியதும் உங்கள் வண்டி தகராறு பண்ணுகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஹோஸ் எதுவுமே இல்லை என்றால் மிச்சம் இருப்பது மேனிஃபோல்டு கேஸ்கெட், திராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் உள்ள ஓ ரிங். கேஸ்கெட் லீக்குக்கு ஒரு குணம் உண்டு, காலையில் குளிர்ந்த இன்ஜினில் மோசமாக இருந்து சூடானதும் உலோகம் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். நீங்கள் குளிர்ந்த நேரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, கவனித்துப் பாருங்கள். அலுமினிய மேனிஃபோல்டு என்றால் ஸ்பேனரை எடுத்து ‘டைட் வைத்துப் பார்ப்போம்’ என்று இறங்கவிடாதீர்கள், மரை போய்விடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சொல்லப்பட்ட டார்க்கில்தான் முறுக்க வேண்டும்.

கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். லீக் இருக்கும் இடத்தில் அடித்தால் அதை இன்ஜின் உறிஞ்சி ஆர்பிஎம் மாறும், உண்மைதான், பல ஒர்க்‌ஷாப்களில் இன்றும் இதுதான் வழி. ஆனால் அது பெட்ரோல் மாதிரியே பற்றக்கூடியது. பழைய வண்டியில் பிளக் ஒயர் கசிந்து பொறி அடிக்கலாம், பக்கத்திலேயே சைலென்சர் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு நான் சொல்வது தண்ணீர். பூவாளி ஸ்பிரே பாட்டிலில் பிடித்து, கேஸ்கெட் ஓரமாக, ஒயரிங் மேலும் காயில் மேலும் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். தண்ணீர் இடுக்கை அடைக்கும் அந்த ஒரு நொடி ஐடில் மாறும், சிலசமயம் உறிஞ்சுகிற சத்தமே கேட்கும். எதை அடித்தாலும் ஏர் ஃபில்டர் வாய்ப்பக்கம் அடிக்காதீர்கள், அது அந்த வழியாக உள்ளே போய் எல்லா இடத்திலும் லீக் இருக்கிற மாதிரி காட்டும். இதிலும் கிடைக்காத லீக்குக்கு ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போங்கள். இன்ஜினை அணைத்து, இன்டேக்கை மூடி, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவார்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப் பார்க்கும். மெஷின் இல்லையே என்று கம்ப்ரசர் காற்றை நேராக விடச் சம்மதிக்காதீர்கள், இருக்கிற நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

பிரேக் பிடிக்கும்போது நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பூஸ்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிரேக் பிடித்தால் இன்ஜின் தன் மவுண்டில் முன்பக்கமாகச் சாயும். ஏர் ஃபில்டரிலிருந்து திராட்டில் பாடிக்கு வரும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயில், மடிப்புக்குள் கிழிசல் இருந்தால், நின்ற நிலையில் மூடியிருந்து, இன்ஜின் அசையும்போது மட்டும் திறக்கும். மாஃப் சென்சார் வண்டியில் அது போதும் அணைவதற்கு. கையால் அந்தக் குழாயை இழுத்து, மடிப்புகளை விரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மவுண்ட் ரப்பர் போயிருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளட்சை மட்டும் மிதித்து, பிரேக்கைத் தொடாமல், வண்டியைத் தானாக வேகம் குறைய விட்டுப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் பிரேக் மேல் உள்ள சந்தேகம் குறைந்து, ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வு மேல் சந்தேகம் கூடும்.

அந்த வால்வுதான் உங்கள் ஏசி புகாருக்கும் பதில் சொல்ல வேண்டியது. ஏசி கம்ப்ரசர் பிடித்ததும் இன்ஜினுக்குச் சுமை ஏறும், அதைத் தாங்க ஈசியூ இந்த வால்வைத் திறந்து காற்றைக் கூட்டும். கரி அடைத்து வால்வு ஒட்டிக்கொண்டால் அந்த உதவி கிடைக்காது. திராட்டில் பாடியைக் கழுவினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், வால்வைத் தனியே கழற்றிக் கழுவினார்களா என்று கேளுங்கள், பல பேர் தட்டை மட்டும் துடைத்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்காக வால்வு கெட்டே தீர வேண்டும் என்றும் இல்லை. லீக்கால் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருக்கும் இன்ஜின்மேல் ஏசி சுமையும் ஏறினால் விழத்தான் செய்யும், லீக்கை அடைத்ததும் ஏசி புகாரும் தானாகப் போய்விடுவதைப் பார்க்கலாம்.

ஈசியூவில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேனர் மாட்ட முடிகிற வண்டியா? அப்படியென்றால் பாதி அலைச்சல் மிச்சம். எரர் கோடு மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று கழற்ற விடாதீர்கள், லைவ் டேட்டாவில் ஃப்யூவல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு எண் வரும், இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டி, ப்ளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் ப்ளஸ் 20, 25 என்று இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இயல்புக்கு இறங்கினால் அது வேக்குவம் லீக்கின் கையெழுத்து. எதிர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து சுமை ஏற ஏற ப்ளஸ் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது மாஃப் சென்சார் அழுக்கேறி இருக்கிறது. உங்கள் வண்டியில் பம்ப் மாற்றும் முன் இந்த இரண்டு எண்ணைப் பார்த்திருந்தால் பம்ப் மாற்றியிருக்க மாட்டார்கள். பி0171 கோடு வந்தால் கலவை மெலிந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அர்த்தமில்லை. மேப் சென்சார் வண்டியில் ட்ரிம் பெரிதாக அசையாமலும் இருக்கலாம், அங்கே ஐடில் வால்வின் அளவைப் பாருங்கள். வால்வு கிட்டத்தட்ட முழுக்க மூடியும் ஐடில் இறங்கவில்லை என்றால் காற்று வேறு வழியில் வருகிறது.

ஸ்கேனர் பொருந்தாத பழைய வண்டிக்கு வேக்குவம் கேஜ் போதும், எனக்குக் கேட்டால் அதுதான் இன்னும் பிடிக்கும். மேனிஃபோல்டில் மாட்டி ஐடிலில் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில், நல்ல இன்ஜின் 17-லிருந்து 22 அங்குல பாதரசம் வரை முள் ஆடாமல் காட்டும். உயரமான இடத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 அங்குலம் குறையும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். முள் ஆடாமல் ஆனால் தாழ்வாக நின்றால் லீக் அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது. தாளம் போட்ட மாதிரி ஒரே சீராக விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை, இனி ஹோஸைத் தேடிப் பிரயோஜனமில்லை. 2500-ல் பிடித்து வைத்திருக்க முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலென்சர் பக்கம் அடைப்பு.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் முக்கால்வாசி இதேதான், கூடவே மூன்று இடம் பாருங்கள். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட், தேய்ந்து ஆடும் திராட்டில் ஷாஃப்ட், டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரம். கடைசியதைச் சோதிக்க அதன் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி நுனியை நாக்கால் அடையுங்கள், பிடித்து நிற்க வேண்டும். மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகியும் ஐடில் மாறவில்லை என்றால் ஸ்க்ரூவைக் குறை சொல்லாமல் லீக்கைத் தேடுங்கள். டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. பழைய டீசலில் பெரும்பாலும் மேனிஃபோல்டு வேக்குவமே கிடையாது, பூஸ்டருக்குத் தனி பம்ப் இருக்கும், வண்டி நின்றால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈசியூவுக்கு வருகிறேன். அது கெடாது என்று சொல்லமாட்டேன், பழைய வண்டியில் உள்ளே கபாசிட்டர் கசிந்து கெட்டவை உண்டு. ஆனால் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஒழுங்காக இழுத்து, பிரேக்கில் கால் வைக்கும்போது மட்டும் கெட்டுப்போகிற ஈசியூ அபூர்வம். அதைச் சொன்னவர் என்ன சோதனை செய்து சொன்னார் என்று கேளுங்கள். ‘மற்றதெல்லாம் மாற்றியாகிவிட்டதே’ என்பது சோதனை இல்லை. ஈசியூவைக் குறை சொல்லும் முன் இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரையாவது கழற்றிச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

கிடைத்த ஹோஸை மாற்றும்போது உள்விட்டம் அதே அளவில், பெட்ரோல், ஆயில் ஆவி, சூடு தாங்கும் ரகமாக வாங்குங்கள். தண்ணீர் டியூபைச் செருகினால் சூட்டில் ஒட்டிக்கொண்டு வழி அடைத்துவிடும். பூஸ்டர் ஹோஸுக்கு அதற்கென்றே உள்ள கெட்டியான ஹோஸ்தான், அதில் சமரசம் வேண்டாம். செக் வால்வில் அம்புக்குறி இருந்தால் அது இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த ஐடில் ஸ்க்ரூ. அவர்கள் திருகியது திராட்டில் தட்டு முட்டி நிற்கும் ஸ்க்ரூவாக இருந்தால், தட்டு முழுக்க மூடுவதில்லை, நீங்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள் என்பதே ஈசியூவுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தெரியாவிட்டால் ஐடிலைப் பிடித்து நிறுத்தும் வேலையையே அது செய்யாது. அதனால் லீக்கை அடைத்த அன்றே ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, திராட்டில் பொசிஷன் சென்சாரின் மூடிய நிலை வோல்ட்டேஜ் சரியா என்று பார்த்து, வண்டியின் மேனுவலில் சொன்னபடி ஐடில் ரீலேர்ன் செய்ய வேண்டும், அதாவது ஐடிலை ஈசியூவுக்கு மறுபடி பழக்க வேண்டும். ஈசியூ இத்தனை நாள் லீக்குக்கு ஏற்றபடி பழகியிருக்கும், ட்ரிம்மை அழித்துவிட்டால் சீக்கிரம் சரியாகும். பிறகு இன்ஜின் சூடான நிலையில் ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து ஒரு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுப் பாருங்கள். அதற்கும் நின்றால் எழுதுங்கள். எழுதும்போது வண்டியில் இருப்பது மாஃபா மேப்பா, ஐடிலிலும் 2500-லும் ட்ரிம் எவ்வளவு, பூஸ்டர் சோதனை மூன்றில் பெடல் என்ன செய்தது, நிற்கும்போது முள் எப்படி விழுந்தது, இத்தனையும் வேண்டும்.